குளிரை எழுதத் தெரிந்தவர்கள்

விசிறியைச் சுருக்கி வளைந்த முளையில் மாட்டியிருக்கிறார்கள். கைதேர்ந்த கம்மியன் பார்த்துப் பார்த்துச் செய்த சிவப்பு வட்ட விசிறி. அதன்மேல் சிலந்தி வெள்ளை நூலை ஓட்டிவிட்டது. நெடுநல்வாடையில் இந்த இடத்துக்கு வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். குளிர் வந்து எத்தனை நாளாயிற்று என்று இதைவிடத் துல்லியமாக ஒருவர் சொல்ல முடியுமா? ஒரு நாள் குளிருக்கு யாரும் விசிறியை மாட்டி வைப்பதில்லை. மாட்டிய விசிறியை யாரும் தொடவே இல்லை என்றால்தான் சிலந்தி குடிவரும்.

தை பிறந்த வாரம். ஊட்டிப் பக்கம் இது உறைபனிக் காலம். காலையில் தலைகுந்தாவின் புல்வெளி சுண்ணாம்பு தெளித்தது மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் என்னும் செடியால் மூடி வைத்திருக்கிறார்கள். தேயிலைக்காரர்கள் கருகிய கொழுந்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் வெளியே வேலை இல்லை. வர்க்கியும் டீயும் கம்பளியும் புத்தகமும்தான். அப்படிப் படித்தவற்றையும் இன்னும் படித்துக்கொண்டிருப்பவற்றையும் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புத்தகங்களை வேண்டுமென்றே ஒரே திசையில் எடுத்தேன். குளிரை எழுதியவர்கள், அதிலும் அதை ஒரு கைவேலையாக எழுதியவர்கள்.

குளிரை மோசமாக எழுதுவது மிகச் சுலபம். எலும்பைத் துளைக்கும், ஊசியாய்க் குத்தும், பற்கள் தந்தியடிக்கும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தமிழில் எத்தனையோ மலைவாசஸ்தலக் கதைகள் எழுதப்பட்டுவிட்டன. படிப்பவனுக்கு ஒரு சிலிர்ப்பும் வருவதில்லை. நெடுநல்வாடை பாடிய நக்கீரர் வேறு வழியில் போகிறார். குளிர் வந்ததும் உலகத்தில் எதெது நின்றுபோகிறது என்று ஒரு கணக்கு எடுக்கிறார். மாடு மேய மறக்கிறது. குரங்கு ஒடுங்குகிறது. மரத்தில் வந்து அமரும் பறவை பிடி தளர்ந்து கீழே விழுகிறது. கன்று பால் குடிக்க வந்தால் பசு உதைத்துத் தள்ளுகிறது. இந்தக் கடைசி வரிக்கு அசந்து போகாதவர் மாடு வளர்த்திருக்க மாட்டார். கன்றை உதைக்கும் பசு ஊரில் எப்போதாவது ஒன்று உண்டு. எல்லாப் பசுவும் உதைக்கும் அளவுக்கு ஒரு நடுநிசி என்றால் அது என்ன நடுநிசி!

பிறகு ஊருக்குள் வருகிறார். அங்கும் அதே கணக்குத்தான். வடக்கிலிருந்து வந்த வெள்ளை வட்டக்கல்லும் தெற்குச் சந்தனமும் சேர்ந்து சும்மா கிடக்கின்றன. பெண்கள் தலை நிறையப் பூ வைப்பதில்லை, கூந்தலுக்கு அகில் புகை போடுகிறார்கள். மாடியில் தென்றலுக்காகத் திறந்து வைக்கும் கதவுகளைத் தாழிட்டாயிற்று. குறுகிய வாய்ச் செம்பில் குளிர்ந்த தண்ணீர் குடிப்பார் இல்லை, அகன்ற வாய்த் தடவில் நெருப்பு எரிகிறது. வெயில் காலத்துக்காகச் செய்த ஒரு வீடு முழுக்கத் தன் வேலையை நிறுத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது பொழுது அறியும் இடம். மூட்டத்தில் சூரியன் தெரியவில்லை. மாலை வந்ததா வரவில்லையா? தட்டில் வைத்திருக்கும் பிச்சி மொட்டு அவிழ்ந்து மணந்தால் மாலை. அதைக் கொண்டு நேரம் அறிந்து இரும்பு விளக்கில் ஈரத்திரியை ஏற்றி, நெல்லும் மலரும் தூவிக் கும்பிடுகிறார்கள் பெண்கள். அவர்களுக்காவது பூ இருந்தது. வீட்டுப் புறாவுக்கு அதுவும் இல்லை. இரவு எது பகல் எது என்று தெரியாமல், இரை தேடப் போகாமல், மாடத்துப் பலகையிலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறது. செங்கால் புறா என்று சொல்லிவிட்டு அந்தக் காலின் கடுப்பையும் சேர்த்துச் சொல்லும் கை பெரிய கை.

யாழைப் பற்றி ஓர் இடம் உண்டு. குளிரில் நரம்பின் சுருதி திரிந்துவிட்டது. ஆடல் மகளிர் தம் மார்பின் வெம்மையில் நரம்பைத் தடவி அதைப் பண்ணுக்குக் கொண்டுவருகிறார்கள். உரைகாரர்கள் இதில் அழகைப் பார்ப்பார்கள். இசைக் கலைஞர்களிடம் கேட்டால் வேறு ஒன்று சொல்வார்கள். மார்கழிக் கச்சேரியில், மேடைக்கு வந்த வீணையை வாசிப்பதற்கு முன் சும்மா கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தட்பவெப்பம் மாறினால் தந்தி மாறும். நக்கீரர் கவிஞர் என்பதற்கு முன்னால், வாத்தியம் வாசிப்பவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்.

இத்தனையும் நெடுநல்வாடையின் முதல் எழுபது அடிகளில் முடிந்துவிடுகிறது. மொத்தமே 188 அடிதான். மீதியில் அரண்மனையும் தந்தக் கட்டிலும் கணவனைப் பிரிந்த அரசியும் வருகிறார்கள். அந்தப் பகுதியை நான் கொஞ்சம் வேகமாகத்தான் கடந்தேன். கட்டில் வருணனை நீளம். ஆனால் கடைசியில் பாசறைக்குப் போனதும் பாட்டு மறுபடி நிமிர்கிறது. வாடைக் காற்றில் விளக்குச் சுடர் சாய, மேலிருந்து நழுவும் துகிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை வாளேந்திய இளைஞன் தோளில் வைத்து, சில பேரோடு அரசன் காயம்பட்டவர்களைப் பார்த்து வருகிறான். வேப்பிலை கட்டிய வேலோடு ஒருவன் முன்னே போய் வீரர்களைக் காட்டுகிறான். அந்த வேப்பிலை பாண்டியனைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் இது அகமா புறமா என்று நச்சினார்க்கினியர் காலத்திலிருந்து வழக்கு நடக்கிறது. வழக்கு எப்படியும் போகட்டும். நழுவும் துகிலை இழுத்துப் பிடிக்கும் அந்த இடது கையைப் பாருங்கள். அரசனுக்கும் குளிர்கிறது.

நெடுநல்வாடை அடங்கிய பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தது 1889-இல். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1895-இல், ருஷ்யாவில் டால்ஸ்டாய் 'எஜமானும் வேலையாளும்' கதையை வெளியிட்டார். நக்கீரருக்குப் பிறகு நான் எடுத்தது அதைத்தான். பல முறை படித்த கதைதான். இந்த முறை குளிருக்காகவே படித்தேன்.

வாசிலி பிரெகுனோவ் ஒரு வியாபாரி. தோப்பு ஒன்றை மற்றவர்களுக்கு முன்னால் மலிவாக முடித்துவிடவேண்டும் என்று பனிப்புயலில் சறுக்கு வண்டி கட்டிப் புறப்படுகிறான். சட்டைப்பையில் 3,000 ரூபிள். அதில் 2,300 தேவாலயப் பணம். கூட வேலைக்காரன் நிகிதா, குதிரை முகோர்த்தி. எஜமான் மேல் இரண்டு கம்பளிக்கோட்டுகள், நிகிதா மேல் கந்தல். வழி தப்புகிறார்கள். கிரிஷ்கினோ என்ற கிராமத்துக்கு வந்து சேருகிறார்கள். மறுபடி புறப்படுகிறார்கள், மறுபடி வழி தப்புகிறார்கள், மறுபடி அதே கிரிஷ்கினோ. இரண்டாம் முறை அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தது குதிரை. நிகிதா கடிவாளத்தைத் தளர்த்தி அதன் போக்கில் விட்டுவிடுகிறான். சூடான வீடு, சமோவார், இரவு தங்கச் சொல்லி அழைப்பு எல்லாம் கிடைக்கிறது. வியாபாரிக்குத் தோப்புதான் கண்ணில் நிற்கிறது. மூன்றாம் முறையும் இருட்டுக்குள் போகிறார்கள்.

கிராமத்து எல்லையில் கொடியில் துணி காய்கிறது. சிவப்புச் சட்டை, வெள்ளைச் சட்டை, கால்சட்டை, பாவாடை. முதல் முறை கடக்கும்போது வெள்ளைச் சட்டை கைகளை வீசிப் படபடக்கிறது. இரண்டாம் முறை வரும்போது அது பிய்ந்து, உறைந்துபோன ஒற்றைக் கையால் மட்டும் தொங்குகிறது. டால்ஸ்டாய் இதைப் பற்றி ஒரு விளக்கமும் தருவதில்லை. நக்கீரரின் சிலந்திக்கும் இந்தச் சட்டைக்கும் ஒரே குலம். நேரம் கடந்ததையும் குளிர் ஏறியதையும் காற்று வலுத்ததையும் ஒரே பொருளின் மேல் ஏற்றிவிட்டுப் போகிறார்கள். சாதாரணக் கதாசிரியன் அந்தச் சட்டையை மரணத்தின் கொடி என்று சொல்லாமல் விட்டிருக்கவே மாட்டான்.

பாதிக்கு மேல் கதை ஒரே பள்ளத்தில் நடக்கிறது. வியாபாரி வேலைக்காரனை விட்டுவிட்டுக் குதிரைமேல் ஏறித் தனியே தப்பப் பார்க்கிறான். இருட்டில் கறுப்பாக ஏதோ தெரிகிறது. கிராமம் என்று நினைத்து விரட்டிப் போனால், வரப்பில் வளர்ந்த மாசிபத்திரிச் செடிகள் காற்றில் ஆடுகின்றன. திரும்பி, வேறு திசை என்று நினைத்து நெடுநேரம் ஓட்டுகிறான். மறுபடி கறுப்பாகத் தெரிகிறது. அதே செடி. திகிலை இவ்வளவு மலிவான பொருளால் செய்தவர் வேறு யாரும் இல்லை. அதன்பின் அவன் நிகிதாவிடம் திரும்பி வந்து, கோட்டைத் திறந்து, உறையும் வேலைக்காரன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொள்கிறான். விடியும்போது எஜமான் இல்லை, குதிரையும் இல்லை. நிகிதா சில கால்விரல்களை இழந்து மேலும் இருபது ஆண்டுகள் வாழ்கிறான்.

இந்த முடிவில் போதனை இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அந்த வியாபாரி மனம் திருந்துவதாக டால்ஸ்டாய் யோசித்துக் காட்டவில்லை. ஒரு பேரத்தை முடிப்பவனின் சுறுசுறுப்போடு அவன் பனியைத் தட்டிவிட்டு வேலையில் இறங்குகிறான். கைதான் முதலில் முடிவெடுக்கிறது, மனம் பின்னால் வருகிறது. அதனால்தான் போதனை நம்மேல் இடிப்பதில்லை.

டால்ஸ்டாயே 1854-இல் காக்கசஸிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஓர் இரவு முழுக்கப் பனிப்புயலில் வழி தவறியவர். அதை வைத்து 1856-இல் 'பனிப்புயல்' என்று ஒரு கதை எழுதினார். அதையும் இந்த வாரம் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அழகான கதை. வண்டிக்காரர்களின் பேச்சு, மணியோசை, நடுவில் கோடைக்காலக் கனவு ஒன்று. ஆனால் அதில் பனி ஓர் அனுபவம் மட்டுமே. இளைஞன் பார்த்ததை எழுதினான். கிழவர் நாற்பது ஆண்டு கழித்து அதே பனியைக் கொண்டு யாரிடம் எத்தனை கோட்டு இருக்கிறது என்று எண்ணினார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு எழுத்துக்காரன் எப்படி முற்றுகிறான் என்பது தெரியும். கட்டுரைகள் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நன்றாகவே தெரியும்.

ருஷ்யப் பனி நமக்கு அந்நியம் இல்லை. மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தில் சொற்பக் காசுக்கு வாங்கி, மதுரை வெயிலில் உட்கார்ந்து பனிப்பொழிவைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. ரா. கிருஷ்ணையா மொழிபெயர்த்த 'வெண்ணிற இரவுகள்' தலைப்பைப் பார்த்துவிட்டுப் பனிக்கதை என்று நினைத்து வாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். அது பீட்டர்ஸ்பர்க் கோடையின் கதை.

செகாவின் 'துயரம்' பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், எல்லோரும் படித்திருப்பீர்கள். மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் அயோனா, அதைக் கேட்க ஆளில்லாமல் கடைசியில் குதிரையிடம் சொல்கிறான். 1886-இல் எழுதும்போது செகாவுக்கு வயது 26. அயோனா மேலும் குதிரை மேலும் பனி விழுந்து குவிகிறது. தட்டிவிடவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை. நான்கைந்து பக்கத்துக்குள் குளிரையும் துக்கத்தையும் பிரிக்க முடியாமல் பிசைந்த கதை இது ஒன்றுதான்.

செகாவ் மருத்துவர். இதை எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. 'பனிப்புயல்' என்ற பெயரிலேயே 1926-இல் ஒரு கதை எழுதிய புல்ககோவ் ஸ்மோலென்ஸ்க் பக்கத்துக் கிராமத்தில் டாக்டராக இருந்தவர். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களின் கொடுமையை 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய பி.எச். டேனியல் அங்கேயே டாக்டராக இருந்தவர். அந்த நாவல்தான் இரா. முருகவேள் தமிழில் தந்த 'எரியும் பனிக்காடு'. கீழ்நாட்டிலிருந்து கங்காணி ஏமாற்றிக் கூட்டிவந்த கூலிகள் அட்டையிலும் மலேரியாவிலும் மலைக்குளிரிலும் அழிவதை அதில் ஒரு மருத்துவரின் கண்தான் பார்க்கிறது. கலை நயத்தில் மற்றவற்றோடு சேர்த்து வைக்கமாட்டேன். தகவலின் கனத்தில் தாராளமாக வைப்பேன். சோவியத் கைதி முகாமில் இருந்த ஷலாமோவும் 1946-இல் அங்கேயே மருத்துவ உதவியாளர் பயிற்சி பெற்றவர். குளிரை நன்றாக எழுதியவர்களில் இத்தனை பேர் உடம்பைத் தொட்டுப் பார்த்துப் பிழைத்தவர்கள். விரல் எப்போது மரக்கும், எப்போது கறுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். உவமை தேட வேண்டியதில்லை.

வர்லாம் ஷலாமோவ் 1937-இல் கைதாகிக் கொலிமாவின் சுரங்க முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர். 'கொலிமாக் கதைகள்' முழுவதையும் ஒரு வாரத்தில் படிக்கக் கூடாது, படிக்கவும் முடியாது. நான் எடுத்தது இரண்டே கதைகள். 'தச்சர்கள்' கதையில் கைதிகளுக்கு வெப்பமானியைக் காட்டுவதில்லை. ஆனால் பழைய கைதிகளுக்குக் கணக்குத் தெரியும். உறைமூடுபனி இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி. மூச்சு சத்தத்தோடு வந்தும் விடுவதில் சிரமம் இல்லையென்றால் 45. சத்தமும் இரைப்பும் சேர்ந்தால் 50. அதற்கும் கீழே, 55-ஐத் தாண்டினால், துப்பிய எச்சில் தரை தொடுமுன் உறையும். பிச்சி மொட்டை முகர்ந்து மாலையை அறிந்த பெண்களை நினைத்துக்கொண்டேன். கருவி இல்லாத இடத்தில் மனிதன் தன் உடம்பையோ பக்கத்தில் இருக்கும் பூவையோ கருவியாக்கிக்கொள்கிறான். நக்கீரரிடம் அது இன்பமாக இருக்கிறது. ஷலாமோவிடம் அது உயிர் பிழைக்கும் வித்தை. கதையில் தச்சு வேலையே தெரியாத இருவர் தச்சர்கள் என்று பொய் சொல்லி அடுப்பு உள்ள பட்டறைக்குள் இரண்டு நாள் ஒதுங்குகிறார்கள். அதற்குள் குளிர் 30-க்கு இறங்கிவிடுகிறது. குளிர்காலம் முடிந்ததாம். கதையும் முடிகிறது. மைனஸ் 30 டிகிரியை விடுதலையாகப் படிக்க வைத்துவிடுகிறார் மனிதர்.

மற்றது 'பனியின் மேல்'. ஒரு பக்கம்தான் இருக்கும். யாரும் மிதிக்காத பனியில் பாதை எப்படிப் போடுவது என்று சொல்கிறார். முதலில் ஒருவன் தனியாகத் திணறிக்கொண்டு போகிறான். பின்னால் ஐந்தாறு பேர் தோளோடு தோளாக வருகிறார்கள். யாரும் முன்னவன் தடத்தில் மிதிக்கக் கூடாது, அவன் தடத்துக்குப் பக்கத்தில் மிதிக்க வேண்டும். அப்போதுதான் பாதை அகலும். பின்னர் வண்டியும் டிராக்டரும் வரலாம். அவற்றில் வருபவர்கள் வாசகர்கள் என்கிறார். எழுத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று அந்தக் கடைசி வரியில்தான் தெரிகிறது. திரும்பிப் போய்ப் படித்தால் பாதை போடும் விவரம் ஒன்றுகூட உவமைக்காக வளைக்கப்படவில்லை. அத்தனையும் நிஜமான கூலிவேலை.

கவாபத்தாவின் 'பனி நாடு' எனக்கு எப்போதும் பாதிச் சண்டை, பாதி மயக்கம். 1935-இல் தொடங்கிப் பத்திரிகைகளில் துண்டு துண்டாக வந்து, 1948-இல்தான் இப்போதுள்ள வடிவத்தில் முடிந்த நாவல். ஜப்பானில், நீகாட்டாப் பகுதியின் யுசாவா என்ற வெந்நீர் ஊற்றூர் களம். 1931-இல் திறந்த ஷிமிசு சுரங்கத்தைக் கடந்து ரயில் அங்கே போகிறது. ரயில் கண்ணாடியில் ஒரு பெண்ணின் முகமும் வெளியே ஓடும் அந்தி மலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, மலையிலுள்ள விளக்கு ஒன்று அவள் கண்ணுக்குள் வந்து எரியும் இடத்துக்காக அவருக்கு நோபல் பரிசை (1968) இரண்டு முறைகூடக் கொடுக்கலாம். ஆனால் நாயகன் ஷிமமுரா! பரம்பரைச் சொத்தில் வாழ்ந்துகொண்டு, மேற்கத்திய பாலே நடனத்தைப் பார்க்காமலே அதைப் பற்றிக் கட்டுரை எழுதும் ஆள். கொமாக்கோ என்ற கெய்ஷா தன்னை முழுக்கக் கொட்டும்போது இவன் அதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இவனைத் தாங்கிக்கொள்ளவே ஒரு கம்பளி வேண்டும்.

இந்த முறை என்னைப் பிடித்து நிறுத்தியது கடைசிப் பகுதியில் வரும் சிஜிமித் துணி. பனி மூடிய மாதங்களில் பெண்கள் நூல் நூற்று நெய்து, பனிநீரில் அலசி, பனியின் மேலேயே விரித்து வெளுக்கும் கோடைத் துணி. ஷிமமுரா தன் பழைய சிஜிமிகளை ஆண்டுதோறும் அங்கே அனுப்பிப் பனியில் வெளுத்து வாங்குகிறான். குளிரில் பிறந்த துணி கோடையில் குளிர்ச்சி தருகிறது. இந்த விவரங்களைக் கவாபத்தா எடுத்தது சுசுகி போகுஷி என்பவரின் நூலிலிருந்து. போகுஷி அந்தப் பகுதியிலேயே சிஜிமி வியாபாரம் செய்தவர். பனி நாட்டின் வாழ்க்கையை 1837-இல் படங்களோடு புத்தகமாக வெளியிட்டார். பனித் துகள்களின் வடிவங்கள்கூட அதில் வரையப்பட்டிருக்கின்றன. துணி வியாபாரியின் கண்ணும் நாவலாசிரியரின் கண்ணும் சந்தித்த அந்தச் சில பக்கங்கள், காதல் கதை முழுவதையும்விட எனக்கு உயர்வாகப் படுகின்றன. அந்தத் துணியைப் பனியில் உட்கார்ந்து நெய்த பெண்களின் விரல்களைப் பற்றி ஷிமமுரா ஒரு கணம் யோசிக்கிறான். நாவலில் அவன் செய்யும் மிக நல்ல காரியம் அதுதான்.

இப்போது தலையணைப் பக்கத்தில் இருப்பது நார்வேக்காரர் தார்யெய் வேசோஸின் 'பனிக்கட்டி மாளிகை' (1963). பாதியில் இருக்கிறேன். சீஸ், உன் என்று பதினொரு வயதுப் பெண்கள் இருவர். ஒருத்தி பள்ளிக்குப் போகாமல், உறைந்து மாளிகை மாதிரி நிற்கும் அருவியைப் பார்க்கத் தனியே போகிறாள். உள்ளே அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கிறாள். தொடக்கத்தில் சீஸ் இருட்டில் நடந்துபோகும்போது ஏரியின் பனித்தளம் இறுகி வெடிக்கும் ஓசை தூரத்திலிருந்து இடிபோல் வருகிறது. உறைவதற்கு ஓசை உண்டு என்று இதற்கு முன் யோசித்ததில்லை. வேசோஸின் வாக்கியங்கள் மிகச் சின்னவை, ஏறக்குறைய குழந்தைகள் பேசும் அளவுக்கு. ஆனால் இதை இரவில் வைத்துக்கொண்டு படிக்க முடியவில்லை. காலை வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் எடுக்கிறேன். முடித்தவர்கள் முடிவைச் சொல்லாதிருக்கவும்.

பெயர்கள் நிறைய வந்துவிட்டன. இவற்றில் ஒன்றை மட்டும் எடுப்பதாக இருந்தால் டால்ஸ்டாயை எடுங்கள் என்பேன். ஒரே மாலையில் முடிந்துவிடும். இரண்டு எடுக்க முடிந்தால், இந்த மாதம் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகும்போது பத்துப்பாட்டை உரையோடு கேட்டு வாங்குங்கள். பொழிப்புரை மட்டும் உள்ள மெல்லிய பதிப்பு வேண்டாம். சொல் சொல்லாகப் பிரித்து, சிலந்தி எது, விசிறி எது, முளை எது என்று காட்டும் பழைய உரை வேண்டும். முதல் நாள் எழுபது அடி போதும்.